மட்டக்களப்பில் மாரி நடை: புதிதாகப் புறப்படுகிறவர்களுக்கு

மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்து வந்த உத்தியோகத்தர்கள், மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊர் வந்தவர்கள், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் டிசம்பரில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மழைக்குள் எங்கே போவது? நடக்கப் போங்கள் என்பதுதான் என் பதில். இந்த மண்ணை நடந்து பார்க்க இதைவிட நல்ல மாதங்கள் கிடையாது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காலை ஒன்பது மணிக்கே தார் வீதியில் கால் வைக்க முடியாது. சிறு குளங்கள் வற்றி வெடித்துக் கிடக்கும். வாய்க்கால் தண்ணீர் எட்டாத வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வைக்கோல் நிறம் மட்டுமே மிஞ்சும். மாரி வந்தால் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும், பயிர் எழும்பும், எங்கிருந்தோ வந்த பறவைகள் இறங்கும். வெயிலில் ஒடுங்கிப்போன மனமும் சேர்ந்து கொஞ்சம் தளிர்க்கும்.

என்ன, இங்கே மழையோடு சமரசம் செய்யத் தெரிய வேண்டும். அது பழகினால் வந்துவிடும். எப்படிப் பழகுவது, எங்கே தொடங்குவது, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் காலத்தைப் படியுங்கள்

வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைத் தாண்டி வருகையில் ஈரத்தை அள்ளிவந்து கிழக்குக் கரையில் கொட்டுகிறது. எங்கள் வருட மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடும். ஆனால் அந்த நான்கு மாதமும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை.

ஐப்பசியில் காலை வெளுத்திருக்கும், பின்னேரம் இடி இடித்துக் கொட்டும். அந்த மாதம் நடப்பதானால் காலையில்தான். மதியத்துக்குப் பிறகு வெட்டவெளியில் நிற்க வேண்டாம், மின்னல் பொல்லாதது. கார்த்திகையில் தாழமுக்கம், புயல் என்ற பேச்சு வானொலியில் அடிபடத் தொடங்கும். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை இங்கே வயதானவர்கள் இன்னும் நேற்று நடந்ததுபோல்தான் சொல்வார்கள். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் நடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டில் இருங்கள். மார்கழியில் வானம் இரண்டு மூன்று நாள் விடாமல் அழுதுவிட்டு, பிறகு ஒரு நாள் பளிச்சென்று சிரிக்கும். அந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு மழை குறைந்து பனி விழத் தொடங்கும். புதியவர்களுக்கு வசதியான காலம் அது. ஆனால் தை என்றால் மழை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடவும் முடியாது. 2011இல் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது ஜனவரி மாதத்தில்தான்.

ஒரு குறிப்பிட்ட காலையில் போகலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஐந்தரைக்கு எழும்பி முற்றத்துக்கு வந்து கடல் பக்கம் பாருங்கள். மாரி மழை பெரும்பாலும் கடலிலிருந்துதான் ஏறி வரும். கடல் பக்கம் கறுத்து, வாடைக் காற்றும் திடீரென்று குளிர்ந்தால் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தாலும் கடல் பக்கம் வெளிச்சமாக இருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். மேற்கே எவ்வளவு மப்பாக இருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கைத்தொலைபேசியில் மழை முன்னறிவிப்பு பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது மாவட்டத்துக்குச் சொல்வது. உங்கள் தலைக்கு மேல் உள்ளதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கார்த்திகை நடுவில் சூரியன் ஆறு மணியளவில் எழும்பும். தை பிறக்கும்போது ஆறே கால், தை நடுவில் இன்னும் கொஞ்சம் பிந்தும். மாலையில் நடப்பவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும், மப்பு நாள் என்றால் ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வரும்.

காலில் என்ன, கையில் என்ன

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கன்வஸ் சப்பாத்து வேண்டாம், நனைந்தால் நாள் முழுதும் காயாது, காலைக் கடிக்கும். பாட்டாச் செருப்பு வரம்புக் களியில் உங்களை உட்கார்த்திவிடும். பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்புத்தான் சரி. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், மெல்லிய துணியில் காற்சட்டை போட்டால் சீக்கிரம் காயும். விடியற்காலையில்கூட 23 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்காத ஊர் இது, ஆகவே ரெயின்கோட்டுக்குள் மழையைவிட வியர்வையில் அதிகம் நனைவீர்கள். ஊருக்குள் குடை போதும். கடற்கரையில் வாடை குடையை மறுபக்கம் திருப்பிவிடும், அங்கே தலைக்கு ஒரு தொப்பியோடு நனைவதே மேல். கைத்தொலைபேசிக்கு ஒரு பொலித்தீன் பை, ஒரு சின்னத் துவாய், தண்ணீர்ப் போத்தல், தேத்தண்ணிக் கடைக்குச் சில்லறைக் காசு. கையில் ஒரு தடி இருக்கட்டும். புல்லைத் தட்டிக்கொண்டு போகவும் உதவும், தெருநாய்க்கும் உதவும்.

முதல் நடை: நகரத்துக்குள்ளேயே

முதல் நாளே வயலுக்கும் காட்டுக்கும் போக வேண்டாம். நகரத்தின் மையமான புளியந்தீவைச் சுற்றி நடந்து பாருங்கள். வீதி தார் போட்டது, மழை வந்தால் ஒதுங்கக் கடை இருக்கிறது, வழி தவறவும் இடமில்லை, சுற்றிவர வாவி. காந்தி பூங்காவில் தொடங்கலாம். 1814இல் இங்கே வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட்டின் சிலை அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கிருந்து வாவியை ஒட்டி நடந்தால் கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தது. மாரியில் அந்தச் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோடையில் சாம்பல் நிறத்தில் கிடந்த கல் இப்போது பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும், கல்லிடுக்குகளில் பன்னச் செடி முளைத்திருக்கும்.

அப்புறம் கல்லடிப் பாலம். 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் நடப்பவர்களுக்கு நிம்மதியான இடமாகிவிட்டது. காலை ஆறரைக்கு அங்கே நின்றால் வீச்சு வலைக்காரர்கள் வலையை உதறி வீசுவதைப் பார்க்கலாம். நீர்க்காகம் ஒன்று விளக்குக் கம்பத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். வாவியின் நிறத்தை மறக்காமல் பார்த்து வையுங்கள். கோடையில் உப்பேறிப் பச்சையாக இருந்த தண்ணீர் மாரியில் மேட்டு நில வெள்ளம் வந்து கலந்து தேத்தண்ணி நிறத்துக்கு மாறும், உப்பும் குறையும். இந்த நிறம் வாரத்துக்கு வாரம் மாறுவதைக் கவனிப்பதே உங்கள் முதல் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாவியின் பேர்போன பாடும் மீனைக் கேட்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு இது காலமில்லை. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், அமைதியான பறுவ இரவில், தோணியில் போய்த்தான் கேட்க வேண்டும். மாரியில் வாவி தன்பாட்டில் இரைந்துகொண்டிருக்கும், மீன் பாடினாலும் உங்கள் காதுக்கு எட்டாது.

மார்கழியில் திருவெம்பாவை நாட்களில் நடந்தால் இன்னொரு சந்தோசம். சங்கும் சேமக்கலமும் ஒரு பக்கம், காத்தான்குடிப் பக்கத்திலிருந்து சுபஹு வாங்கு ஒரு பக்கம், இரண்டும் முடிந்த பிறகு தேவாலய மணி. இதற்காகவாவது ஒரு நாள் ஐந்து மணிக்கு எழும்புங்கள்.

இரண்டாவது நடை: வட்டைக்குள்

நகரத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் வலையிறவுப் பாலம். அதைத் தாண்டினால் வவுணதீவு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வீதியோடு நடக்கத் தொடங்குங்கள். இருபுறமும் தண்ணீர், கொஞ்ச தூரத்தில் தண்ணீர் முடிந்து வயல். மாரி நடையை ஒரே இடத்தில்தான் நடக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே பார்க்க வேண்டியது பயிர். வேளாண்மைக்காரன் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதினமில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசியில் உழவு நடக்கும். உழவு இயந்திரம் சேற்றைப் புரட்டிக்கொண்டு போக, பின்னால் கொக்குகளும் மீசை ஆலாக்களும் தொடரும். ஆலா வெள்ளையும் சாம்பலுமான சிறிய பறவை, தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து திடீரென்று மூக்கால் தண்ணீரைத் தொட்டு இரையை எடுத்துக்கொண்டு போகும். அது எங்கள் ஊர்ப் பறவை இல்லை, வடக்கே குளிர் கூடும்போது இங்கே வந்து தங்கிப் போவது. கார்த்திகையில் விதைத்த நெல் முளைத்துத் தண்ணீருக்கு மேல் ஊசி ஊசியாகத் தெரியும். மார்கழியில் மட்டம் வெடித்து, அதாவது பக்கக் கிளைகள் விட்டு, வயல் மூடிவிடும், அதன் பிறகு தண்ணீரைக் காண முடியாது. தையில் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவம், பிறகு கதிர். மாசியில் வெட்டு. ஒரே வரம்பில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய் நின்றால் இந்த நாடகம் முழுவதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் தேடிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

கிட்ட நின்று பார்க்க ஒன்று: நத்தைகுத்தி நாரை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுத்த சிறகு ஓரம், மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். அது வரம்போரத் தண்ணீரில் மெதுவாக நடந்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவும். நத்தை அகப்பட்டால் உடனே எடுத்துக்கொண்டு பறக்காது. அலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் விட்டு, தலையைச் சின்னதாக ஆட்டி ஆட்டி, உள்ளே இருக்கும் சதையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் அப்படியே வரம்பில் விழும். நாரை போன பிறகு அந்த இடத்தில் போய்ப் பாருங்கள், உள்ளே ஒன்றுமில்லாத முழு ஓடுகள் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அந்தப் பறவையின் கைத்திறம் புரியும். கைத்திறம் என்பதா, அலகுத்திறம் என்பதா, சரி விடுங்கள்.

மின்கம்பிகளையும் பாருங்கள். தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அவையும் விருந்தாளிகள். நீலவால் பஞ்சுருட்டான் கம்பியிலிருந்து கிளம்பித் தும்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே கம்பிக்கு வரும். பிடித்ததைக் கம்பியில் அடித்துத்தான் விழுங்கும், அந்தச் சத்தம்கூடக் கீழே கேட்கும். வயலோர வீட்டுத் தோட்டங்களில், பொழுது விடியும்போதும் சாயும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டால் அது ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து நம் வளவுச் சருகைக் கிளறிக்கொண்டு திரியும் குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, வாலே இல்லாததுபோல ஒரு குட்டி வால். கண்ணில் படுவது கஷ்டம், காதில் விழுவது சுலபம்.

வட்டைக்குள் நடக்கச் சில ஒழுங்குகள் உண்டு. புதிதாகச் சேறு போட்டுக் கட்டிய வரம்பில் ஏறக்கூடாது, ஒரு மிதியில் ஒரு நாள் வேலை கெட்டுப்போகும். தண்ணீர் விடும் வாய்க்கட்டைக் காலால் தட்டிவிடாதீர்கள். மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம், மணத்திலேயே தெரியும். வயலைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தால் அது எந்தக் கம்பியாக இருந்தாலும் தொடாதீர்கள். பன்றிக்கும் யானைக்கும் என்று சிலர் மின்சாரம் பாய்ச்சி வைப்பதால் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். வெட்டுக் காலத்தில் சூட்டுக் களம் இருந்தால் செருப்போடு ஏறக்கூடாது என்பது பழைய வழக்கம். இயந்திரத்தால் வெட்டும் இந்தக் காலத்திலும் அதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் மறிப்பார். “எங்க மனே போறாய்?” என்பார். “சும்மா நடக்கிறன்” என்றால் நம்ப மாட்டார். காணி பார்க்க வந்தவன், அல்லது அரசாங்கக் கச்சேரியால் வந்தவன் என்று நினைப்பார். பறவை பார்க்க வந்தேன் என்றால் சிரித்துவிட்டு, எந்தப் பக்கம் எது நிற்கிறது என்று அவரே சொல்லத் தொடங்குவார். “அங்கால போகாத, வாய்க்கால் ஏறிப் பாயுது, மறுகா போகலாம்” என்று சொன்னால் கேளுங்கள். வானிலை அறிக்கையை விட அவர் சொல்வது சரியாக இருக்கும். பெண்கள் தனியே வட்டைக்குள் போவது இங்கே இன்னும் கேள்விகளைக் கிளப்பும். அது நியாயமா என்பது வேறு கதை. இரண்டு பேராகப் போனால் கேள்வியும் குறையும், பாதுகாப்பும் கூடும்.

மூன்றாவது நடை: முகத்துவாரம்

பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது, 28 மீற்றர் உயரம். அதன் அடியிலிருந்து கண்டல் காட்டோரமாகவும் மணல் திட்டாகவும் நடந்து முகத்துவாரம் வரை போகலாம்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி கடலோடு சேரும் இடங்கள் இரண்டுதான். ஒன்று இங்கே, மற்றது தெற்கே கல்லாற்றில். கோடையில் கடல் மணலைத் தள்ளி இந்த வாயை அடைத்துவிடும். மாரியில் ஆறுகளும் குளம் நிரம்பி வழியும் வான்களும் தண்ணீரைக் கொண்டுவந்து வாவிக்குள் தள்ள, மட்டம் ஏறி, தாழ்ந்த வயலும் வளவும் மூழ்கத் தொடங்கும். அப்போதுதான் ‘ஆற்றுவாய் வெட்டுவது’ பற்றிய பேச்சு ஊரெல்லாம் எழும்பும். மீன்பிடிக்காரருக்கு ஒரு நாள், வயற்காரருக்கு வேறு நாள் என்று விருப்பம் வேறுபடும். கடைசியில் பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் வந்து மணலில் ஒரு ஒடுங்கிய வாய்க்கால் கீறும். தண்ணீர் முதலில் தயங்கித் தயங்கி ஓடும். பிறகு கரையைத் தானே அரித்துக்கொண்டு அகலமாகி, சில மணி நேரத்தில் ஆறாகப் பாயும். பார்க்கச் சனம் கூடும். நீங்களும் போங்கள், ஆனால் வெட்டிய மணல் விளிம்பில் நிற்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரிவது கீழே கரைந்து வெறுமையாக இருக்கும், நின்றபடியே ஆளோடு இறங்கும்.

வாய் திறந்த மறுநாள் காலைதான் பார்க்க நல்லது. கலங்கிய வாவித் தண்ணீர் கடலுக்குள் நீண்டு போய், ஓரிடத்தில் நீலத் தண்ணீரோடு சேராமல் கோடு போட்டு நிற்கும். அந்தக் கோட்டில்தான் மீன். ஆலாக்கள் அதன் மேல் நின்று நின்று விழும், செம்பருந்துகள் வட்டமிடும், மணலில் ஆள்களும் வலையோடு நிற்பார்கள். மணல் திட்டில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓடி ஓடி நிற்கும். அவற்றில் பொன்னிற உப்புக்கொத்தி ஆர்க்டிக் பக்கத்துத் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து நிற்பது. கிட்டப் போய்த் துரத்தாதீர்கள். பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து வந்தது தின்று கொழுப்பு ஏற்றவே வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதன் சேமிப்பில்தான் கை வைக்கிறீர்கள்.

கண்டல் பக்கம் போனால் குனிந்து பாருங்கள். கண்ணா மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், மிதிக்காமல் போங்கள். கண்டலின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து நீண்டுவிடும், பிறகுதான் விழும். மாரித் தண்ணீரில் அந்த நீண்ட முளைகள் மிதந்து வந்து கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு கிடந்த இடத்திலேயே வேர் விட்டிருக்கும். தில்லை மரத்தை மட்டும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிளையை ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தெரியாத மரத்தில் கிளை ஒடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

மணலில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். அதன் நடுவே காற்றில் உருண்டு வரும் முள்ளுப் பந்துகள் இராவணன் மீசை என்கிற புல்லின் விதைத் தலைகள். வாடை அடிக்கும் நாளில் அவை கரை நீளத்துக்கு ஓட்டப் பந்தயம் வைக்கும். பிள்ளைகளோடு போனால் எது முந்தும் என்று பந்தயம் கட்டலாம், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்காகவே வருவார்கள்.

கடலில் மட்டும் இறங்காதீர்கள். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிப்பது. கோடையில் குழந்தைகள் விளையாடிய அதே இடத்தில் இப்போது கால் நிற்காது. டிசம்பர் 26ஆம் திகதி நாவலடி, கல்லடிக் கரைப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் ஆழிப்பேரலையில் பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்தவர்கள் அன்று காலை அங்கே வந்து விளக்கேற்றுவார்கள். அன்றைக்குக் கமராவைப் பைக்குள் வையுங்கள். முடிந்தால் நீங்களும் சேர்ந்து நில்லுங்கள்.

நடப்பதைக் குறைத்து நிற்பதைக் கூட்டுங்கள்

புதியவர்கள் செய்வது, வேகமாக நடந்து போய்விட்டு “ஒன்றையும் காணவில்லை” என்று திரும்புவது. உடம்புக்காக நடக்கிறவர்கள் மைதானத்தைச் சுற்றலாம், அதற்கு வயல் தேவையில்லை. இந்த நடையில் ஒரு மணி நேரம் என்றால் பாதி நேரம் நிற்க வேண்டும். ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் மூன்று நிமிடம் எரிச்சலாக இருக்கும், கை தானாக கைத்தொலைபேசியைத் தேடும். அதற்குப் பிறகு, நீங்கள் வந்ததால் அடங்கிப்போன தவளைகள் திரும்பக் கத்தத் தொடங்கும். தாமரை இலைக்குப் பின்னால் ஒளிந்த நீலத் தாழைக்கோழி வெளியே வரும். உங்களை அவை கணக்கில் எடுக்காமல் விடும் அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

பேச்சுத்துணையோடு போவது தப்பில்லை. ஆனால் அலுவலகக் கதை, வீட்டுக் கதை எல்லாம் போகும் வழிக்கும் வரும் வழிக்கும். நடுவில் பேசாமல் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மனச்சோர்வில் இருக்கிற சிநேகிதர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், புத்திமதி சொல்லாமல் பக்கத்தில் நின்றாலே போதும்.

ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நாள், தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியிருக்கிறது, பயிர் எந்த உயரம், புதிதாக வந்த பறவை என்று நான்கு வரி போதும். பெயர் தெரியாவிட்டால் நிறமும் அலகும் எழுதுங்கள், பெயர் பிறகு வரும். அடுத்த மாரியில் அந்தக் கொப்பியைப் புரட்டுவது ஒரு தனிச் சுகம்.

பயப்பட வேண்டியவற்றுக்குப் பயப்படுங்கள்

முதலை: வாவியிலும் குளங்களிலும் உண்டு. தண்ணீர் ஏறும் காலத்தில் வழக்கமில்லாத இடத்துக்கும் வரும். விளிம்பில் குந்தியிருந்து கை கழுவுவதை விட்டுவிடுங்கள்.

பாம்பு: தண்ணீர் பொந்துகளை நிரப்பும்போது அவை வரம்புக்கும் வீதிக்கும் ஏறும். கண்ணாடிப் புடையன் வயலில் சாதாரணம். தடியால் தட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் மட்டும் நடங்கள். கடித்தால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், ஆளை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்கு. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

எலிக்காய்ச்சல்: காலில் புண், வெடிப்பு இருந்தால் வயல் தண்ணீரில் இறங்காதீர்கள். நடந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் வயலுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பாயும் தண்ணீர்: சப்பாத்துப் பாலம் என்கிற தாழ்ந்த பாலத்தின் மேலோ வீதியின் மேலோ தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவாக இருந்தாலும் கடக்க வேண்டாம். உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கடத்திவிடுகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவுப் பக்கம் அப்படிப் போன பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது. அனர்த்தம் என்றால் 117.

யானை: படுவான்கரையில் உட்புறமாகப் போகப் போக, உன்னிச்சை, தாந்தாமலைப் பக்கம் எல்லாம், நெல் முற்றும் தையிலும் மாசியிலும் யானை இறங்கும். காலையில் தேத்தண்ணிக் கடையில் இரவு வந்ததா என்று கேட்காமல் அந்தப் பக்கம் நடக்காதீர்கள்.

பழகிய பிறகு: அம்பாறைப் பக்கம்

பழகியவர்கள் தெற்கே பஸ் ஏறலாம். வழியில் குறுமண்வெளியில் இறங்கி, பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகனைக் கும்பிட்டு வருவதும் ஒரு அழகான நடைதான். வெள்ளம் கூடினால் பாதை ஓடாது, விசாரித்துவிட்டுப் போங்கள். திருக்கோவிலில் கோயிலும் கடலும் பக்கத்தில் பக்கத்தில். அதற்கும் தெற்கே சங்கமன்கண்டி, இலங்கைத் தரையின் கிழக்கு முனை. வருடத்தின் முதல் சூரியனை அங்கே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மழை மப்பில் அது பெரும்பாலும் ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுகம்பேயில் அலைச்சறுக்குக்காரர்கள் வருவது ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை. மாரியில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கும், கரை முழுவதும் உங்களுக்குத்தான், அறைக்கும் விலை குறைவு.

குமண, லகுகல, கல்லோயா மூன்றும் தேசிய பூங்காக்கள். அங்கே நடந்து திரிய முடியாது, வாகனத்தை விட்டு இறங்கவும் கூடாது. லகுகலக் குளத்துப் பக்கம் பொத்துவில் - மொனராகலை வீதியில் போகும் பஸ்ஸிலிருந்தே சில நேரம் யானையைக் காணலாம், யன்னலோர இருக்கையைப் பிடியுங்கள்.

வீடு திரும்பினால் முதலில் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். மாரியில் சேற்றுப்புண் பிடித்தால் அடுத்த இரண்டு வாரம் நடை கிடையாது. செருப்பை வெயிலுக்குக் காத்திராமல் அடுப்படிப் பக்கம் சாய்த்து வையுங்கள். வழியில் அவித்த சோளம் விற்கிறவரைக் கண்டால் வாங்கிக்கொண்டு வாருங்கள், தை பிறந்தால் வீதியோரமெல்லாம் நிற்பார்கள். சோளம் இல்லாத நாளில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். உறைப்பு கொஞ்சம் கூடலாம்.